சின்னவன் தைத்த மெத்தை

இந்தக் குடும்பத்தை இன்றுதான் முதன்முதலாகச் சந்திப்பவர்கள் கவலைப்பட வேண்டாம். இதுவரை நடந்ததெல்லாம் ஓர் ஆணி அளவுதான்.

குட்டி ஆணி. சோபாவின் அடிவயிற்றில் துணியை இழுத்து அடிப்பார்களே, கறுப்பாக, நகத்தளவுக்கு, அது. கீழே குஷன் கடை, மாடியில் வீடு. தெருவில் அப்பாவுக்குக் குஷன்காரர் என்று பெயர். மகனுக்குச் சின்னக் குஷன். வீட்டில் சின்னவன். வயது இருபத்தைந்தைத் தாண்டியும் சின்னவன்தான், ஏனென்றால் அவனுக்குக் கீழே யாரும் இல்லை.

அப்பாவுக்குப் பல வருஷத்துச் சர்க்கரை. அவருடைய பாதங்கள் எப்போதோ சத்தமில்லாமல் ராஜினாமா செய்துவிட்டன. நடக்கும், நிற்கும், ஆனால் கீழே என்ன நடந்தாலும் மேலிடத்துக்குத் தெரிவிப்பதில்லை. அந்த ஆணி செருப்பைத் துளைத்துக்கொண்டு கட்டை விரலுக்கு அடியில் ஏறியபோதும் தெரிவிக்கவில்லை. அவர் பகல் முழுக்க அதன்மேல் நடந்து, நாற்காலி முடித்து, வந்தவர்களிடம் சிரித்துப் பேசி, சாயங்காலம் மாடிப்படி ஏறினார்.

படியில் சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக இருந்ததை அம்மாதான் பார்த்தாள்.

"ரெக்சின் சாயம் ஒட்டியிருக்கு பாருங்க."

அப்பாவும் அக்கறையாகக் குனிந்து பார்த்தார். "நம்ம கடையில சிவப்பு ரெக்சினே இல்லையே" என்றார்.

அப்போது வந்த புண் இன்னும் மூடவில்லை. மருந்து, கட்டு, ஊசி, மறுபடியும் கட்டு. போன தடவை டாக்டர் சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: அடுத்த தடவையும் இப்படியே இருந்தால் விரலை எடுப்பதைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும்.

இன்றைக்குத்தான் அந்த அடுத்த தடவை.

இனி, சின்னவனுக்கு மட்டும் தெரிந்த விஷயம். கடை மூடும்போது கயிறு கட்டிய பெரிய காந்தத்தைத் தரை முழுக்க இழுத்துக்கொண்டு போக வேண்டும். சிதறிய ஆணியெல்லாம் அதில் முள்ளம்பன்றி மாதிரி ஒட்டிக்கொண்டு வரும். அது அவன் வேலை. ஆணி குத்துவதற்கு முந்தின சாயங்காலம் அவன் அதைச் செய்யவில்லை.

காந்தம் கொக்கியில் இல்லை. தேடினான். எப்படித் தேடினான் என்றால், கொக்கியைப் பார்த்தான், கொக்கிக்கு நேர் கீழே தரையைப் பார்த்தான், வாசலில் நண்பர்கள் ஹாரன் அடித்தார்கள், போய்விட்டான். மறுநாள் காலை பார்த்தால் காந்தம் கொக்கியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. அது எங்கே போய் எப்படி வந்தது என்று அவன் யோசிக்கவில்லை. குற்றம் தன்னுடையது என்று முடிவு செய்துகொண்டவன் வேறு தடயம் தேடுவதில்லை.

அன்றிலிருந்து அவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை. தோளைப் பார்த்துப் பேசினான். சில நாள் சட்டைப் பொத்தானை.

போன வாரம் எப்படியோ தைரியம் வந்து வாயைத் திறந்தான். அப்பா ஒரு பிடி ஆணியை அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். இது இந்தத் தொழிலின் வழக்கம். ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு, நாக்கால் ஒவ்வொன்றாகத் தள்ளிச் சுத்தியலின் காந்த முனையில் ஒட்டி அடிப்பார்கள். கை மிச்சம், நேரம் மிச்சம். இந்த வீட்டில் இன்னொன்றும் மிச்சம், பேச்சு. வாயில் ஆணி இருந்தால் அப்பா பேச மாட்டார். பேசப் பிடிக்காவிட்டால் வாயில் ஆணி இருக்கும். சின்னவனும் இந்தக் கலையை நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அம்மாவுக்கும் ஆணி அடிக்கத் தெரியும். ஆனால் அவள் ஆணியை ஒரு சாஸரில்தான் வைத்துக்கொள்வாள். "வாய் பேசறதுக்கு இருக்கு" என்பது அவள் கட்சி.

---

காலையில் அம்மா அப்பாவின் விரலில் குத்தி, மீட்டரைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோய், தேர்தல் முடிவு போல அறிவித்தாள்.

"இன்னிக்கும் நல்லாத்தான் இருக்கு."

"சொன்னேனே" என்றார் அப்பா.

"மீட்டர் நல்லா இருக்குன்னு சொல்லுது, புண்ணு இல்லேங்குது. ரெண்டுல ஒண்ணு பொய் சொல்லுது. எந்திரிங்க, பாக்கெட்டக் காட்டுங்க."

"எதுக்கு?"

"பிஸ்கட்டுக்கு."

அப்பா இரண்டு பாக்கெட்டையும் வெளியே இழுத்துக் காட்டினார். வலது பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டு நூல் விழுந்தது. அம்மா அதைக் கூட எடுத்து முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் கீழே போட்டாள்.

அவளுக்கு டீ ஆறிக்கொண்டிருந்தது. சர்க்கரை இல்லாத டீ. டாக்டர் அவளை ஒன்றும் சொல்லவில்லை. புண் வந்ததிலிருந்து அவளாகவே நிறுத்திக்கொண்டாள். ஏன் என்று கேட்டால் "எல்லாம் என் தப்பு" என்பாள். சமையலைச் சொல்கிறாள் என்று இருவரும் எடுத்துக்கொண்டார்கள்.

"டேய், இன்னிக்கு நீ அப்பாகூட உள்ள போ."

"நான் வெளியவே இருக்கேம்மா. ரெண்டு பேர உள்ள விட மாட்டாங்க."

"அதான் நான் வரலையே. சலூன்காரர் பெஞ்ச எடுக்க வராரு, அடித்துணி பாக்கி நிக்குது. நான் முடிக்கறேன். நீ உள்ள போய் அவங்க சொல்றத ஒண்ணு விடாம கேட்டுட்டு வா. இவர் வந்து சொன்னா 'எல்லாம் நல்லா இருக்காம்'னு ஒரே வரியில முடிச்சுருவாரு."

சின்னவன் இதுவரை கட்டு மாற்றும் அறைக்குள் போனதே இல்லை. ஒவ்வொரு தடவையும் வண்டி நிறுத்த, தண்ணீர் வாங்க, போன் பேச என்று வாசலோடு நின்றுவிடுவான். அந்தப் புண்ணை அவன் பார்த்தால், அதுவும் அவனைப் பார்த்துவிடும் என்று பயம்.

ஆனால் பரிகாரம் என்று ஒன்று அவன் செய்திருந்தான். அது யாருக்கும் தெரியாது என்றும் நினைத்திருந்தான்.

புண்ணுக்காக ஆஸ்பத்திரியில் அப்பாவுக்கு ஒரு செருப்புக் கொடுத்திருந்தார்கள். தடித்த அடி, பட்டை போட்டு ஒட்டுகிற மாதிரி. ஒருநாள் சின்னவன் அதைக் கையில் எடுத்துப் பார்த்தான். கட்டை விரலுக்குக் கீழே, சரியாகப் புண் வருகிற இடத்தில், ஒரு பள்ளம். குஷன் கடைக்காரன் கையில் பள்ளம் விழுந்த மெத்தையைக் கொடுத்தால் என்ன செய்வான்? இவனும் அதைத்தான் செய்தான். கடையிலிருந்த உயர்ந்த ஃபோமைப் பள்ளத்தின் அளவுக்கு வெட்டி நிரப்பி, மேலே மெல்லிய துணி போர்த்தி, ஓரம் முழுக்கக் கைத்தையல் போட்டான். அவன் வாழ்க்கையிலேயே அவ்வளவு பொறுமையாக எதையும் தைத்ததில்லை. ஒவ்வொரு தையலிலும் ஒரு மன்னிப்புக் கேட்டான். முடித்து, சத்தமில்லாமல் பழைய இடத்திலேயே வைத்துவிட்டான்.

அந்தச் செருப்போடுதான் அப்பா இன்றும் படியிறங்கினார்.

---

கட்டு மாற்றும் அறையில் இருந்த நர்ஸுக்குச் சின்னவனைப் பார்த்ததும் ஆச்சரியம்.

"இவர் யாரு, புதுசா இருக்காரு?"

"என் பையன்."

"பையன் இருக்காரா உங்களுக்கு? நான் இவ்ளோ நாள் உங்களுக்கு ஆளே இல்லேன்னு பரிதாபப்பட்டுக்கிட்டு இருந்தேன். இப்படி வந்து நில்லுங்க தம்பி. மயக்கம் வந்தா அந்தப் பக்கமா விழுங்க, இந்தப் பக்கம் மருந்து இருக்கு."

கட்டைப் பிரித்தாள். சின்னவன் பார்த்தான். பெரிதாக, பயங்கரமாக ஏதோ இருக்கும் என்று மனதைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தான். சட்டைப் பொத்தான் அளவுக்குத்தான் இருந்தது. சுற்றிலும் தோல் வெளுத்துத் தடித்து ஒரு விளிம்பு கட்டியிருந்தது. நடுவில் ஆழம். இவ்வளவு சின்னது இவ்வளவு காலமாக மூடாமல் இருக்கிறது என்பதுதான் அவனைக் கலக்கியது. பெரிய புண்ணாக இருந்தால் அதன்மேல் பழியைப் போட்டிருக்கலாம்.

டாக்டர் வந்தார். அப்பாவைவிட ரொம்ப இளையவர், பேச்சில் மட்டும் ரொம்ப மூத்தவர். ரிசல்ட்டைப் பார்த்தார்.

"சுகர் நல்லா கட்டுப்பாட்டுல இருக்கு. வீட்ல யாரு பாத்துக்கறாங்க?"

"அம்மா" என்றான் சின்னவன். "பாக்கெட்லாம் செக் பண்ணுவாங்க."

"நல்லது. ரத்த ஓட்டம் சரியா இருக்கு. சீழ் இல்ல. அப்ப ஏன் ஆறல?" அவர் தடித்த விளிம்பை விரலால் காட்டினார். "இது அழுத்தம் படற எடத்துல வர்ற தடிப்பு. நடக்கறீங்களா?"

"வீட்டுக்குள்ள மட்டுந்தான். மாடியிலேர்ந்து கடைக்கு."

"நம்ம செருப்போடதானே?"

"அது இல்லாம பாத்ரூம் கூடப் போறதில்லைங்க."

அப்பா சொன்னது சத்தியம். டாக்டருக்கும் அது தெரிந்தது. அதனால்தான் குழம்பினார். "அந்தச் செருப்ப எடுங்க பாப்போம்" என்றார்.

நர்ஸ் எடுத்து உள்ளே கையை விட்டாள். முகம் ஒரு மாதிரி ஆனது. இன்னொரு முறை விட்டுத் துழாவினாள்.

"டாக்டர், பள்ளத்தக் காணோம்."

"என்ன காணோம்?"

"பள்ளம். நாம போட்டுக் குடுத்த பள்ளம். யாரோ நிரப்பித் தச்சிருக்காங்க." அழுத்திப் பார்த்தாள். "சும்மா சொல்லக் கூடாது, மெத்தை மாதிரி இருக்கு."

"மெத்தைதான்" என்றார் அப்பா, தன்னை அறியாமல்.

டாக்டர் செருப்பை வாங்கிப் பார்த்தார். கத்தவில்லை. கத்தியிருந்தால் சின்னவனுக்குக் கொஞ்சம் சௌகரியமாக இருந்திருக்கும்.

"அந்தப் பள்ளம் எதுக்கு? புண்ணு எதுமேலயும் படக் கூடாது, காத்துல நிக்கணும். நடக்கும்போது பாரம் பூரா சுத்தி இருக்கற எடத்துல விழணும். உங்களுக்கு அன்னிக்கே வெவரமா சொன்னேன். இப்ப என்ன ஆச்சு? ஒவ்வொரு அடிக்கும் இந்த மெத்தை புண்ண அழுத்தியிருக்கு. மெத்துனு அழுத்தினாலும் அழுத்தம் அழுத்தந்தான். ராத்திரி ஆறினத பகல்ல மிதிச்சுக் கெடுத்திருக்கீங்க. யாரு பண்ணது இது?"

சின்னவன் வாயைத் திறந்தான். நாக்கு மேலே ஒட்டிக்கொண்டிருந்தது. வாயில் ஆணி இல்லாமலேயே ஆணி இருக்கிற மாதிரி இருந்தது.

"நான்தான்" என்றார் அப்பா.

"நீங்களா?"

"தொழில் புத்தி டாக்டர். பள்ளத்தப் பாத்தா கை சும்மா இருக்காது."

அதற்கப்புறம் நர்ஸ் கொடுத்த வசவு இருக்கிறதே, அம்மா கேட்டிருந்தால் குறிப்பெடுத்திருப்பாள். விவரம் தெரிந்த மனுஷன், தலை நரைத்த மனுஷன், சொந்தக் காலுக்குச் சொந்தக் கையாலேயே சூனியம் வைக்கிற மனுஷன். அப்பா தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார். பக்கத்தில் சின்னவன் ஒரு வசவு கூட மேலே படாமல் நின்றான். அதுதான் வலித்தது.

டாக்டர் ஒரு மெல்லிய கம்பியால் புண்ணின் ஆழத்தைத் தொட்டுப் பார்த்தார். அறையே மூச்சுப் பிடித்தது, அப்பாவைத் தவிர. அவருக்குத்தான் எதுவும் தெரியாதே.

"எலும்பு தட்டல" என்றார் டாக்டர். பிறகு கம்பியை வைத்துவிட்டு, "இன்னும் தட்டல" என்று திருத்தினார். "இன்னிக்கு நான் வேற மாதிரி பேசறதாத்தான் இருந்தேன். காரணம் கெடச்சதால ஒரு வாய்ப்பு. அடுத்த தடவ வரும்போது புண்ணு சுருங்கியிருக்கணும். இல்லேன்னா விரல எடுக்க நாள் குறிக்கறதத் தவிர எனக்கு வேற வழி இல்ல."

நர்ஸ் கத்திரிக்கோலை எடுத்துச் செருப்பை நோக்கிப் போனாள். அப்பாவின் கை குறுக்கே வந்தது.

"வெட்டாதீங்கம்மா. பிரிச்சுக்கறோம். வீட்ல பிரிக்க ஆள் இருக்கு."

"அதுவரைக்கும் இந்தக் கால் தரையில பட்டுது, அவ்ளோதான்."

படவில்லை. வாசல்வரை சக்கர நாற்காலி, அங்கிருந்து டாக்சிவரை மகன் தோள். அப்பா ஒற்றைக் காலில் குதித்துக் குதித்து வந்தார். அவ்வளவு எடை அந்த உடம்பில் இருக்கும் என்று அவன் நினைக்கவில்லை.

---

டாக்சியில் செருப்பு அப்பாவின் மடியில் சாட்சிப் பொருள் மாதிரி இருந்தது. சின்னவன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டான்.

"ஏம்பா நீங்கன்னு சொன்னீங்க?"

"உன்னச் சொல்லியிருந்தா அந்த நர்ஸம்மா உன்னக் கிழிச்சிருக்கும். உனக்குத் தாங்காது. எனக்கென்ன, உங்கம்மாகிட்ட எடுத்த பயிற்சி."

"நான்தான்னு எப்பத் தெரியும்?"

"வச்ச அன்னிக்கே."

சின்னவன் திரும்பினான். ரொம்ப நாளைக்குப் பிறகு அப்பாவின் முகத்தைப் பார்த்தான்.

"கால்ல உணர்ச்சி போச்சுன்னா கையிலயும் போயிருமா? போட்டுக்கறதுக்கு முன்னாடி தெனம் உள்ள கைய விட்டுப் பாக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. கல்லு, ஆணி ஏதும் இருந்தா எனக்குத்தான் தெரியாதே. விட்டுப் பாத்தேன். பள்ளத்தக் காணோம். ஓரத்தத் தடவினேன். உன் தையல்."

"பள்ளம் எதுக்குன்னு உங்களுக்குத் தெரியுமே."

"எனக்கு மட்டுந்தான் தெரியும். உங்கம்மா மருந்து வாங்கற எடத்துல நின்னா. நீ வாசல்ல நின்ன."

"அப்பவே பிரிச்சுப் போட்டிருக்கலாம்ல."

அப்பா செருப்பின் ஓரத்தைக் கட்டை விரலால் தடவிக்கொண்டே போனார்.

"நீ எங்கூடப் பேசி எவ்ளோ நாள் ஆச்சு? கூலி வேலக்காரன் மாதிரி வர்ற, ஆணி அடிக்கற, போற. என்ன கோவம்னு எனக்குப் புரியல. கால் வெளங்காத அப்பன் பாரம்னு நெனக்கறியோன்னு கூடத் தோணுச்சு. அப்ப இது வந்துச்சு. இந்த மூலை திரும்பற எடத்தப் பாரு, ஒரு சுருக்கம் இல்ல. நீ தச்சதுல நான் பிரிக்கச் சொல்லாத மொதல் தையல் இதுதான். நானே எப்படிப் பிரிப்பேன்?"

"அதுக்காக விரலக் குடுப்பீங்களாப்பா?"

"குடுக்கணும்னு நெனைக்கல. நாளைக்குப் பிரிச்சுக்கலாம்னு நெனச்சேன். தெனமும் நாளைக்குத்தான் நெனச்சேன்." செருப்பை மடியில் திருப்பி வைத்து, "உங்கம்மாவப் பாத்தாத்தான் கஷ்டமா இருக்கும். தன் சமையல்தான் குத்தம்னு சக்கரை இல்லாத டீயக் குடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கா. அதையும் பாத்துட்டு வாய மூடிக்கிட்டு இருந்தேன் பாரு" என்றார்.

டாக்சிக்காரர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்துவிட்டு, ரேடியோவை மெல்ல அணைத்தார். மரியாதைக்கா, நன்றாகக் கேட்பதற்கா என்று தெரியவில்லை.

---

கடையில் சலூன் பெஞ்ச் கவிழ்ந்து கிடந்தது. அம்மா தரையில் உட்கார்ந்து, பக்கத்தில் சாஸர் நிறைய ஆணி வைத்துக்கொண்டு, அடித்துணியின் கடைசி ஓரத்தை அடித்துக்கொண்டிருந்தாள். மகன் தோளில் அப்பா குதித்து வருவதைப் பார்த்ததும் சுத்தியல் அந்தரத்தில் நின்றது.

"விரல்…?"

"இருக்கு, இருக்கு" என்றார் அப்பா. "சக்கரை ரொம்ப ஒழுங்காம். யாரு பாத்துக்கறதுன்னு டாக்டரே கேட்டாங்க."

அம்மாவின் முகம் ஒரு கணம் மலர்ந்தது. உடனே சந்தேகம் வந்தது. "அப்ப ஏன் ஆறலையாம்?"

சின்னவன் சொன்னான். இந்த முறை நாக்கு ஒட்டவில்லை. பள்ளம், ஃபோம், தையல், அப்பா பழியைத் தன்மேல் போட்டுக்கொண்டது, எல்லாம். அம்மா கேட்டு முடித்தாள். முதலில் மகனைத் திட்டினாள். பிறகு தெரிந்தும் சொல்லாத புருஷனைத் திட்டினாள். பிறகு அந்த அளவு போதாது என்று தோன்றி இருவரையும் சேர்த்துத் திட்டினாள். வழக்கமாக இதன் முடிவில் ஓர் அழுகை இருக்கும். இன்று அது வரவில்லை. "நல்ல குடும்பம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பெஞ்சுக்குத் திரும்பி, மறுபடி அடிக்க ஆரம்பித்தாள்.

அப்பா ஸ்டூலில் காலை நீட்டி உட்கார்ந்தார். சின்னவன் எதிரே உட்கார்ந்து, செருப்பை மடியில் வைத்து, ஊசி முனையால் முதல் தையலைத் தூக்கினான்.

"இழுக்காத. ஒண்ணொண்ணா எடு. உள் துணி கிழியக் கூடாது."

"தெரியும்பா."

"தெரியும்தான். சும்மா சொல்றேன்."

ஒவ்வொன்றாக எடுத்தான். கேட்ட மன்னிப்பையெல்லாம் திரும்ப வாங்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. கடைசியில் ஃபோம் துண்டு வெளியே வந்தது. நடுவில் அழுந்தி, பொத்தான் அளவுக்கு ஒரு தடம். புண் அதில் தன்னையே அச்சடித்திருந்தது. கீழே பள்ளம் பத்திரமாக இருந்தது. அப்பா கையை விட்டுத் தடவிப் பார்த்துத் தலையாட்டினார்.

அந்தத் தடத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தான் சின்னவன். பிறகு சொன்னான்.

"அப்பா, இன்னொண்ணு இருக்கு. அந்த ஆணி."

அப்பாவின் கை பழக்கத்தில் ஆணி டப்பாவுக்குப் போனது. பாதி வழியில் நின்றது. டப்பாவின் மூடியைப் போட்டு அழுத்தி, எட்டத் தள்ளி வைத்தார்.

"சொல்லு."

"அதுக்கு முந்தின நாள் நான் தரையில காந்தம் போடல. போட்டிருந்தா உங்களுக்குக் குத்தியிருக்காது. அதான் உங்க மூஞ்சியப் பாக்க முடியல. பாரமா நெனச்சுல்லாம் இல்லப்பா."

அப்பா கையை நீட்டினார். மகனின் முழங்காலில் ஒட்டியிருந்த நூலை எடுத்துச் சுருட்டினார்.

"இத மனசுல வச்சுக்கிட்டா இத்தன நாளு? ஒருநாள் போடலேன்னா போடல. நான் எத்தனையோ நாள் போடாம மாடிக்கு ஏறியிருக்கேன்."

"வேணும்னு விடலப்பா. கொக்கியில காந்தமே இல்ல. நான் சரியாத் தேடல. காலையில வந்து பாத்தா அங்கேயே தொங்குது."

"இல்லையா?" அப்பா கொக்கியை நிமிர்ந்து பார்த்தார். காந்தம் அதன் இடத்தில் சாதுவாகத் தொங்கிக்கொண்டிருந்தது. "அது எங்க போகும், எப்படித் தானா வரும்? இந்தக் கட்டடத்துல இருக்கறது நாம மூணு பேரு. நான் எடுக்கல. நீயும் எடுக்கல."

பெஞ்சுக்குப் பின்னால் சுத்தியல் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று இருவரும் கவனிக்கவில்லை.

"ஏம்மா" என்றார் அப்பா சாதாரணமாகத் திரும்பி, "அன்னிக்கு நீ ஏதும் காந்தத்தப் பாத்தியா?"

அம்மா அவரைப் பார்த்தாள். மகனைப் பார்த்தாள். ஓரத்தில் குடிக்காமல் ஆறிப்போயிருந்த சர்க்கரை இல்லாத டீயைப் பார்த்தாள். பிறகு சாஸரிலிருந்து ஒரு பிடி ஆணியை அள்ளி, இந்தக் கடைக்கு வாழ வந்த நாளிலிருந்து ஒருமுறை கூடச் செய்யாததைச் செய்தாள்.

வாயில் போட்டுக்கொண்டாள்.